பாவமும் துயரமும் சூழ்ந்த இறையன்பு: ஓல்னி நண்பர்கள் இருவர்

கடவுள்மீது ஒருவருக்குள்ள அன்பு ஆழப்பட்டிருக்கிறதா என்பதை எதை வைத்து அறிவது? ஜெபிக்கும்போது கண் கலங்குகிறது, பாடும்போது உள்ளம் உருகுகிறது, வேதத்தைத் திறந்தால் இனிக்கிறது என்றுதான் விசுவாசிகள் பலரும் பதில் சொல்வார்கள். சாட்சிக் கூட்டங்களில் நாம் கேட்பதும் பெரும்பாலும் இதுவே. இந்த அளவுகோல் சரியென்றால், துக்கத்தில் நெஞ்சு மரத்துப்போனவரின் அன்பு குன்றிவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். பெரும்பாவம் ஒன்றைச் செய்துகொண்டே ஜெபத்தில் இனிமை காண்பவரின் அன்பு பெருகிவிட்டது என்றும் ஒப்புக்கொள்ள நேரும்.

இரண்டு முடிவுகளும் தவறு. அதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த இரு நண்பர்களின் வாழ்க்கை வலுவான சான்று தருகிறது. ஒருவர் ஜான் நியூட்டன் (1725–1807). அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து பின்னர் போதகரானவர். மற்றவர் வில்லியம் கூப்பர் (1731–1800). அக்காலத்தின் முதன்மையான ஆங்கிலக் கவிஞர்களுள் ஒருவர், வாழ்நாள் நெடுக மனநோயோடு போராடியவர். இருவரும் சேர்ந்து எழுதிய 'ஓல்னிப் பாடல்கள்' 1779இல் வெளிவந்தது. பாவத்தைச் சுமந்தவரும் துயரத்தைச் சுமந்தவரும் ஒரே அட்டைக்குள் பாடிய புத்தகம் அது. இறையன்பு ஆழப்படுவதை உள்ளத்தின் இனிமையால் அளக்க முடியாது. உண்மையை ஏற்றுக்கொள்வதிலும் பிறரைத் தாங்குவதிலுமே அது வெளிப்படுகிறது என்பதை இவ்விருவரின் வரலாற்றைக்கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு சிற்றூர், ஒரு பழத்தோட்டம், ஒரு பாட்டுப் புத்தகம்

ஓல்னி, பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். கையால் லேஸ் பின்னி அரைவயிற்றுக் கஞ்சிக்கு வழிதேடிய குடும்பங்கள் அங்கே மிகுதி. 1764இல் நியூட்டன் அந்த ஊர் ஆலயத்துக்கு உதவிக்குருவாக வந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, கணவரை இழந்த மேரி அன்வின் அம்மையாரின் குடும்பத்தோடு கூப்பரும் அங்கே குடிவந்தார்.

சந்தைத் திடலை ஒட்டியிருந்தது கூப்பரின் வீடு. அதன் பின்புறத் தோட்டத்துக்கும் நியூட்டன் வாழ்ந்த குருமனைக்கும் இடையே வேறொருவருக்குச் சொந்தமான பழத்தோட்டம் இருந்தது. தெருவைச் சுற்றிப் போகாமல் நினைத்தபோது சந்தித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் வழியே நடக்கும் உரிமைக்கு ஆண்டுக்கு ஒரு கினி நாணயம் கொடுத்தார்கள். அந்த நிலத்துக்குக் 'கினித் தோட்டம்' என்றே பெயர் வந்தது. இருவரும் ஏழு வயது நிறையுமுன்பே தாயை இழந்தவர்கள். ஒருவர் கடலில் வளர்ந்தார். மற்றவர் உயர்குடியில் பிறந்து சட்டம் பயின்றார். அந்தப் பழத்தோட்டப் பாதையில் இரு வாழ்க்கைகளும் ஒன்றுசேர்ந்தன.

பாடல்கள் பிறந்தது அச்சுக்காக அல்ல. செவ்வாய்க்கிழமை மாலைகளில் கூடிய ஜெபக்கூட்டத்தில் லேஸ் பின்னும் பெண்களும் கூலி வேலைக்காரர்களும் பாடுவதற்காகவே அவை எழுதப்பட்டன. அச்சேறிய நூலில் 348 பாடல்கள் உள்ளன. அவற்றில் அறுபதுக்கும் சற்று மேற்பட்டவை கூப்பருடையவை; மற்றவை நியூட்டனுடையவை. கூப்பர் எழுதிய, இயேசுவின் இரத்தத்தை ஊற்றாகக் காணும் பாடல் தமிழில் பெயர்க்கப்பட்டு இன்றும் நம் ஆலயங்களில் பாடப்படுகிறது.

நூல் மூன்று பகுதிகளாக அமைந்தது. மூன்றாம் பகுதியின் பொருள் ஆவிக்குரிய வாழ்க்கையின் வளர்ச்சியும் மாறுதல்களும். அதில் போராட்டத்தைப் பற்றிய பாடல்களுக்கு ஒரு தனிப்பிரிவு உண்டு. ஆறுதல், அர்ப்பணம், துதி எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. விசுவாசியின் வாழ்க்கையில் இருள் வருவதை இந்த வரிசை மறைக்கவில்லை. அதைப் பயணத்தின் ஒரு கட்டமாகவே ஏற்றுக்கொள்கிறது.

இனிமை இருந்தது, கண் திறக்கவில்லை

நியூட்டனின் மனந்திரும்புதல் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும் கதை. 1748 மார்ச்சில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அட்லாண்டிக் புயலில் சிக்கியது. மூழ்கும் நிலையில் அவர் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார், பிழைத்தார். அந்த நாளை ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். பிரசங்கங்களில் இதற்கு அடுத்த காட்சியாக அவர் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' பாடல் வந்துவிடும். இடையிலிருக்கும் ஆண்டுகளைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

1750 முதல் 1754 வரை, அதாவது கடவுளை நோக்கிக் கூப்பிட்டதற்குப் பின்பு, நியூட்டன் கப்பல் தலைவராக மூன்று அடிமை வணிகப் பயணங்களை நடத்தினார். அவர் தம் கையால் எழுதிய கப்பல் நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வாங்கிய மனிதர்களை அதில் எண்ணிட்டுக் குறித்திருக்கிறார். இறந்தவர்களைக் கடலில் இறக்கியதையும் எண் போட்டே எழுதினார். கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சந்தேகம் எழுந்தபோது விரல்களை நசுக்கும் திருகுக் கருவியைப் பயன்படுத்தியதையும் பதிவு செய்தார்.

அதே கப்பலின் மேல்தளத்தில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். தனியறையில் வேதம் வாசித்தார். 1764இல் வெளியிட்ட தன்வரலாற்றில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போன கடைசி இரு பயணங்களில் அனுபவித்ததைப்போல இனிமையான தெய்வ உறவின் வேளைகள் தமக்கு வேறெப்போதும் வாய்த்ததில்லை என்ற பொருளில் எழுதுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த இனிமை அவருக்கு உண்மையாகவே இருந்தது. அவர் காலடியில், பலகைத் தளத்துக்குக் கீழே, சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனிதர்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

சங்கிலியும் விலங்குமாக நாள் கழியும் அந்த வேலை, தாம் ஒரு சிறைக்காவலர் என்ற எண்ணத்தையும் அருவருப்பையும் சில வேளைகளில் அவருக்குத் தந்தது. வேறு பிழைப்பு கொடுக்கும்படி ஜெபித்தார். ஆனாலும் அதைப் பாவம் என்று உணரவில்லை. 1754இல் கடல் தொழிலை விட்டதற்கும் மனசாட்சி காரணமல்ல. திடீரென வந்த நோய்தான் காரணம். 1773 புத்தாண்டு நாளில், தாவீது கடவுள்முன் உட்கார்ந்து 'நான் எம்மாத்திரம்' என்று வியக்கும் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரப் பகுதியை எடுத்துப் பேசியபோது, அதற்காக எழுதியதே 'அமேசிங் கிரேஸ்'. அப்போதும் அடிமை வணிகத்துக்கு எதிராக அவர் பொதுவெளியில் வாய் திறந்திருக்கவில்லை.

திறந்தது 1788இல். 'ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய சிந்தனைகள்' என்ற சிறுநூலை அந்த ஆண்டு வெளியிட்டார். தாம் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் எழுதினார். இந்த அறிக்கை மிகத் தாமதமாக வருகிறது என்றும், இத்தகைய தொழிலில் ஒரு காலத்தில் தாமே கருவியாக இருந்தது ஆயுள் முழுதும் தம்மைத் தலைகுனியவைக்கும் என்றும் ஒப்புக்கொண்டார். பின்னர் நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சி சொன்னார். புயலில் கடவுளைக் கூப்பிட்டதிலிருந்து இந்தச் சிறுநூல்வரை கடந்தவை 40 ஆண்டுகள்.

இவ்விரு காலங்களில் எதில் அவருடைய இறையன்பு ஆழமாக இருந்தது? தனியறையில் இனிமையில் திளைத்தபோதா, முதிய பருவத்தில் தம் வெட்கத்தை உலகறியச் சொன்னபோதா? பதில் தெளிவானது. இதற்கான இலக்கணத்தை நியூட்டனே எழுதியும் வைத்திருக்கிறார். 1770களில் வெளியான அவருடைய கடிதங்களில், கிருபை முதலில் முளையாகவும் பின்பு கதிராகவும் அதன்பின் கதிரில் நிறைந்த தானியமாகவும் வளர்வதாக, மாற்கு 4ஆம் அதிகாரத்தைத் தழுவிச் சொல்கிறார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரிடம் உணர்ச்சியின் சூடு அதிகமாக இருக்கக்கூடும் என்பதை அவர் மறுக்கவில்லை. முதிர்ந்தவரின் அடையாளங்களாக அவர் காட்டுபவை வேறு: தாழ்மை, ஆவிக்குரிய நாட்டம், எல்லாவற்றிலும் கடவுளின் மகிமையை மட்டுமே நாடும் ஒருமுகப்பட்ட மனம்.

இனிமை போயிற்று, அன்பு போகவில்லை

கூப்பரின் பாதை இதற்கு நேரெதிர். 1763இல் பிரபுக்கள் அவையின் அலுவலகத்தில் ஒரு பதவி அவருக்குக் கிடைக்கவிருந்தது. அதற்கு அவையின் முன் நின்று தேர்வுக்கு உட்பட வேண்டும் என்ற அச்சமே அவர் மனத்தைக் குலைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ளப் பலமுறை முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே 1764இல் ரோமர் 3ஆம் அதிகாரத்தை வாசிக்கையில், கிறிஸ்துவின் இரத்தத்தால் வரும் மன்னிப்பு தமக்கும் உரியது என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகள் அவர் வாழ்க்கையின் வெளிச்சமான காலம். கடவுளோடு இன்னும் நெருங்கி நடக்க ஏங்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல், 1769 டிசம்பரில் மேரி அன்வின் கடும் நோயில் கிடந்தபோது எழுதப்பட்டது.

1773 ஜனவரியில் நோய் மீண்டும் தாக்கியது. அடுத்த மாதம் ஒரு கனவு. தம் கதை முடிந்துவிட்டது, தாம் கடவுளால் தள்ளப்பட்டவர் என்ற தீர்ப்பைக் கனவில் கேட்டதாக நம்பினார். அந்த நம்பிக்கை சாகும்வரை அவரை முழுமையாக விட்டு அகலவில்லை. அதன்பின் பொது ஆராதனைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஜெபிக்கும் உரிமை தமக்கில்லை என்று எண்ணினார். ஆயிரக்கணக்கானோருக்கு ஆறுதல் தந்த பாடல்களை எழுதியவருக்கு அந்த ஆறுதலில் பங்கு இல்லாமற்போனது.

மீட்கப்படுவோரைக் கடவுளே முன்குறிக்கிறார் என்ற நியூட்டனின் கால்வினியப் போதனைதான் கூப்பரைப் பைத்தியமாக்கியது என்று சில வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. முதல் பெருந்தாக்குதல் 1763இல், அவர் மனந்திரும்புவதற்கும் நியூட்டனைச் சந்திப்பதற்கும் முன்பே நிகழ்ந்தது. நோய் ஏற்கெனவே அவருள் இருந்தது. தெரிந்துகொள்ளப்பட்டவர், தள்ளப்பட்டவர் என்ற இறையியல் பேச்சு அந்த நோயின் அச்சத்துக்கு ஒரு வடிவம் கொடுத்திருக்கலாம். அவ்வளவே சொல்ல முடியும். கூப்பரின் மனநோய் பாவத்தின் தண்டனையும் அன்று, விசுவாசக் குறைவின் அடையாளமும் அன்று.

அந்த இருளில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் உற்றுப்பார்க்க வேண்டும். 1774இல் அக்கம்பக்கத்தார் கொடுத்த மூன்று முயல்களைத் தம் கையாலேயே வளர்த்தார். தோட்டத்தில் செடி வைத்தார். நண்பர்களுக்கு மனம் குளிரும் கடிதங்கள் எழுதினார். வசதிபடைத்த ஒருவர் தம் பெயர் தெரியாமல் அனுப்பிய பணத்தை ஓல்னியின் ஏழைகளுக்குப் பங்கிட உதவினார். 1782இல் வெளியான கவிதைத் தொகுப்பில் தர்மத்தைப் பற்றிய நெடும்பாடல் ஒன்று உள்ளது. கிறிஸ்தவன் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டு மனிதனை விலைக்கு வாங்குவதை அதில் வன்மையாகக் கண்டித்தார். 1785இல் வெளிவந்த 'தி டாஸ்க்' என்ற நெடுங்கவிதையிலும் அடிமைமுறையைச் சாடினார். 1788இல் அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்துக்காகப் பாடல்கள் எழுதினார்.

ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தாம் மீட்கப்பட்டவர் என்ற நிச்சயம் உடையவராக இருந்த நியூட்டன் 1788இல்தான் அச்சில் பேசினார். கடவுள் தம்மைத் தள்ளிவிட்டார் என்று நம்பிய கூப்பர் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அடிமைகளுக்காகக் குரல் கொடுத்துவிட்டார். இனிமை இருந்த இடத்தில் கண் திறக்கக் காலம் பிடித்தது. இனிமை போன இடத்தில் கண் திறந்தே இருந்தது.

1791இலும் 1792இலும் மேரி அன்வினைப் பக்கவாதம் தாக்கியது. முன்பு தம்மைப் பார்த்துக்கொண்டவரைக் கூப்பர் இப்போது பார்த்துக்கொண்டார். 1796இல் அந்த அம்மையார் இறந்தார். 1799இல் கூப்பர் எழுதிய கடைசிச் சொந்தக் கவிதை, கப்பலிலிருந்து அலையில் அடித்துச்செல்லப்பட்ட ஒரு மாலுமியைப் பற்றியது. தம் நிலை அவனுடையதைவிட மோசம் என்று அதை முடித்தார். 1800 ஏப்ரல் 25ஆம் நாள் நார்ஃபோக் பகுதியில் கண்மூடினார். மரணப்படுக்கையில் அவருக்கு ஒளி வந்தது என்று முடிக்க எந்த வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கும் ஆசை வரும். அப்படி முடிக்க நமக்கு உரிமை இல்லை.

வேதம் கேட்கும் அன்பு

இவ்விருவரின் வரலாற்றையும் வேதத்தின் முன் வைத்தால் மூன்று இடங்கள் துலங்குகின்றன.

முதலாவது லூக்கா 7. பரிசேயனாகிய சீமோன் வீட்டுப் பந்தியில், ஊரறிந்த பாவியான ஸ்திரீ பரிமளதைலத்தோடு வந்து இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைக்கிறாள். அதிகம் மன்னிக்கப்பட்டவர் அதிகமாக அன்புகூருவார் என்பது இயேசு அங்கே சொல்லும் பொருள். பாவம் அன்பைப் பெருக்குவதில்லை. மன்னிக்கப்பட்ட கடனின் அளவை அறிந்துகொள்வதே பெருக்குகிறது. நியூட்டனுக்கு நிகழ்ந்தது அதுதான். தம் கடன் எவ்வளவு என்பதை அவர் 1748இல் முழுதாக அறியவில்லை. அறிய அறிய நன்றியும் வெட்கமும் சேர்ந்தே வளர்ந்தன.

இரண்டாவது யோவான் 21. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடி பேதுரு இயேசுவை மூன்றுமுறை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பின் அருகே அவனிடம் மூன்றுமுறை, தம்மிடம் அன்பாயிருக்கிறாயா என்று கேட்கிறார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்படுகிறான். பாவமும் துக்கமும் அன்பும் ஒரே உரையாடலில் சந்திக்கின்றன. பேதுரு தன் நெஞ்சின் உணர்ச்சியை விவரிக்கும்படி இயேசு கேட்கவில்லை. தம் ஆடுகளை மேய்க்கச் சொன்னார். அன்புக்குச் சான்று ஆட்டுத்தொழுவத்தில்தான் தேடப்படுகிறது.

மூன்றாவது 88ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் வந்து முடியும். இது இருளிலேயே முடிகிறது. ஆயினும் தொடக்கம் முதல் இறுதிவரை அது கடவுளை நோக்கியே பேசுகிறது. சபை இதைத் தன் ஜெபப் புத்தகத்திலிருந்து நீக்கிவிடவில்லை. கூப்பரைப் போன்றோருக்கு விசுவாசத்தின் வீட்டில் இடம் உண்டு என்பதற்கு இதுவே அத்தாட்சி. நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் கடவுள் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்று யோவானின் முதல் நிருபம் சொல்கிறது. கூப்பரின் இருதயம் அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியது. இறுதித் தீர்ப்பு அதனுடையதன்று.

துயரம் தானாக ஆழப்படுத்துமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. துன்பம் வந்தால் பக்தி தானாக ஆழமாகும் என்று நம் பிரசங்கங்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. துயரம் பலரைக் கசப்பில் தள்ளியிருக்கிறது. ஆண்டவரை விட்டு விலகிய பாவத்தை யூதாசும் உணர்ந்தான், பேதுருவும் உணர்ந்தான். ஒருவன் தனிமையில் மாண்டான், ஒருவன் மற்றச் சீஷர்களோடு இருந்தான். தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பவுல் பிரித்துப் பேசுவதும் இதனால்தான்.

நியூட்டனின் கப்பலில் இறந்தவர்களின் துன்பம் அவருடைய ஆத்தும வளர்ச்சிக்கான பாடமாக அமைந்தது என்று யாராவது சொன்னால், அது இன்னொரு அநியாயம். அவருடைய மனந்திரும்புதல் அந்த மனிதர்களில் ஒருவரையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. தாமதத்தின் விலையை அவர்களே கொடுத்தார்கள். தம் அறிக்கை காலங்கடந்தது என்று நியூட்டன் எழுதியதும் அதை அறிந்தே.

இவ்விருவரிலும் அன்பை ஆழப்படுத்தியவை மூன்று. முதலாவது, உண்மையைச் சொல்லுதல்: நியூட்டன் தம் பாவத்தையும் கூப்பர் தம் இருளையும் பூசிமெழுகவில்லை. இரண்டாவது, பிறருக்கான உழைப்பு. மூன்றாவது, கைவிடாத துணை. 1773 ஏப்ரலில் நிலைகுலைந்து குருமனைக்கு வந்த கூப்பர் அடுத்த ஆண்டு மே வரை அங்கேயே தங்கினார். ஓராண்டுக்கு மேல் அந்த வீட்டின் இரவும் பகலும் ஒரு நோயாளியைச் சுற்றியே நகர்ந்தன. மேரி அன்வின் பக்கத்திலிருந்து பராமரித்தார். நியூட்டன் நண்பரைத் திருத்த முடியவில்லை, குணமாக்கவும் முடியவில்லை, வெளியே அனுப்பவும் இல்லை. ஓல்னி நூலை வெளியிட்டதில் இந்த நட்புக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பும் எண்ணமும் தமக்கு இருந்ததாக அதன் முன்னுரையில் தெரிவிக்கிறார்.

நம் சபைகளுக்கு

தமிழ்ச் சபைகளும் இந்த நண்பர்களின் பாடல்களைப் பாடுகின்றன. பாடும் நாம் இரண்டு காரியங்களில் நம்மைச் சோதித்தாக வேண்டும்.

ஆராதனையில் உருகும் நெஞ்சு, தான் செய்யும் அநீதியைக் காணாமல் இருக்கக்கூடும். ஜெபத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாதி பார்த்துப் பெண் கொடுக்கிறோம்; சாதி பார்த்துக் கல்லறை பிரிக்கிறோம். நம் பலகைத் தளத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேட்காத பக்திக்கு எவ்வளவு இனிமை இருந்தாலும் அது முளைப் பருவத்தைத் தாண்டவில்லை.

மனச்சோர்வால் ஜெபிக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கியிருப்பவரை விசுவாசமற்றவர் என்று தீர்ப்பிடாதிருப்போம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், சாப்பிட்டாரா என்று விசாரிப்பதும், பதில் எதிர்பாராமல் பக்கத்தில் உட்காருவதும் சபையின் வேலை. அவர் பாட முடியாத பாட்டை அவருக்காகச் சபை பாடட்டும்.

இறையன்பு ஆழப்பட்டிருக்கிறதா என்று அறிய விரும்புகிறவர் தம் நெஞ்சின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்று எந்தப் பாவத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டேன், யாருடைய துயரத்தில் விலகாமல் நின்றேன் என்று கேட்டுக்கொள்ளட்டும். பேதுருவிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது.